சார்ல்ஸ்டன் பந்தயத் திடல்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஹாம்ப்டன் பூங்காவைச் சுற்றி ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு ஒரு சாலை வளைந்து செல்கிறது. காலையில் நடக்க வருகிறவர்களும் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் சுற்றிவரும் அந்தச் சாலை, ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் தடம். தோட்ட முதலாளிகள் பந்தயம் கட்டிய அந்தத் திடலை, அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசி ஆண்டில் சிறைக்கூடமாக்கியது. கூரையில்லாத வெளியில் நோயிலும் வெயிலிலும் மாண்ட, வடக்கின் ஒன்றியப் படைச் சிப்பாய்கள் 257 பேரைப் பார்வையாளர் மேடைக்குப் பின்னால் பெயர்கூட எழுதாமல் புதைத்தார்கள்.

1865 பிப்ரவரியில் நகரம் ஒன்றியப் படையிடம் வீழ்ந்தது. வெள்ளையரில் பெரும்பாலோர் ஓடிவிட, முதலில் உள்ளே வந்த படைகளில் கறுப்பினச் சிப்பாய்களின் 21ஆம் படைப்பிரிவும் ஒன்று. நேற்றுவரை அடிமையாக இருந்த மக்கள் அந்த ஏப்ரலில் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. குழியிலிருந்த உடல்களை எடுத்து வரிசையாக மறு அடக்கம் செய்தார்கள். சுற்றிலும் வேலி அடைத்து வெள்ளையடித்து, வாயில் வளைவில் ‘பந்தயத் திடலின் தியாகிகள்’ என்று எழுதினார்கள். மே 1 அன்று சுமார் 10,000 பேர் திரண்டார்கள். ஊர்வலத்தின் முன்னே ஏறத்தாழ 3,000 பள்ளிக் குழந்தைகள், கை நிறைய ரோஜாக்கள். எழுத்துக் கற்றுக்கொடுத்தால் தண்டனை என்றிருந்த மண்ணில் அவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

கருவாலி மரங்களிலிருந்து சாம்பல்நிறப் பாசி தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பூங்காவில் நெடுநேரம் நின்றேன். கடல்காற்றின் ஈரம் சட்டையோடு ஒட்டியது. பல்லாயிரம் பேர் பார்த்த, அன்றைய நாளிதழ்களில் வெளிவந்த நிகழ்ச்சி இது. அது நகரத்தின் பொது நினைவிலிருந்து எப்படித் துடைத்தெடுக்கப்பட்டது? 1990களில் டேவிட் பிளைட் என்ற வரலாற்றாசிரியர் ஹார்வர்டு நூலகக் காகிதக் கட்டொன்றில் தற்செயலாகக் கண்டெடுக்கும் வரை பெரும்பாலோருக்கு இது தெரியாது. இங்கே நினைவுப் பலகை வந்தது 2010இல்தான்.

காலம் தானாக மறக்கடித்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூங்காவின் பெயரையே பாருங்கள்: வேட் ஹாம்ப்டன், பிரிவினைப் படையின் தளபதி. 1876 தேர்தலில் ‘செஞ்சட்டைக்காரர்கள்’ என்ற வெள்ளை இனவாதக் கும்பல் கறுப்பின வாக்காளர்களை அடித்து மிரட்டியதன் பலனாக ஆளுநர் ஆனவர். மறு ஆண்டு ஒன்றிய அரசு தெற்கிலிருந்த தன் துருப்புகளைத் திரும்பப் பெற்றது. 1895இல் மாநிலத்தின் புதிய அரசியல் சட்டம் கறுப்பினத்தவரின் வாக்கை ஏறக்குறைய முற்றாகப் பறித்தது. வடக்கத்தி வெள்ளையரும் தெற்கத்தி வெள்ளையரும் கைகுலுக்கிச் சமாதானம் ஆனார்கள். இருபக்கமும் வீரர்களே என்று பேசிப் பழகினார்கள். எதற்காகச் சண்டை நடந்தது என்ற பேச்சை மட்டும் விட்டுவிட்டார்கள். நாடு ஒட்டவைக்கப்பட்டதற்கான விலையைக் கறுப்பினத்தவர் கட்டினார்கள். 1916இல் இந்த மே 1 ஊர்வலம் பற்றி ஒருவர் சார்ல்ஸ்டனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டபோது, தகவல் எதுவும் கிடைக்கவில்லை என்று பதில் போயிற்று. திடலின் கல் தூண்களோ நியூயார்க் பெல்மான்ட் பந்தயத் திடலுக்குப் பரிசாகப் போயின. கல்லறைகளையும் இங்கே விட்டுவைக்கவில்லை. பியூஃபோர்ட் தேசியக் கல்லறைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆனால் யாருக்கு இந்த நகரில் கல் நடப்பட்டது? அடிமை முறை நன்மையே என்று செனட்டில் வாதாடிய ஜான் கல்ஹூனுக்கு. 1887இல் வைத்த முதல் சிலையைக் கறுப்பின மக்கள் அடித்துச் சிதைத்தார்கள் என்று மேமி கார்வின் ஃபீல்ட்ஸ் என்ற கறுப்பின ஆசிரியை தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார். அதனால்தான் 1896இல் கை எட்டாத உயரத்துக்குத் தூண் எழுப்பினார்களாம். அதிலிருந்து சில நிமிட நடையில், கல்ஹூன் பெயர் தாங்கிய தெருவிலேயே, எமானுவேல் தேவாலயம். 2015 ஜூன் 17 அன்று வேத வகுப்பில் இருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றது அங்கேதான். 2020 ஜூனில் கல்ஹூன் சிலையை இறக்கினார்கள். நான் போனபோது தெருப்பலகையில் அவர் பெயர் அப்படியே இருந்தது.

பந்தயத் திடல் சிப்பாய்களின் கல்லறைகளைத் தேடி நானும் பியூஃபோர்ட் போனேன். வழியெல்லாம் சதுப்பு நிலம், உப்பு நீர், நாரைகள். அங்கே நியூகாசில் தெருவில் சிறிய மரக் கட்டடம் ஒன்று: ஒன்றியப் படையில் போரிட்டுத் திரும்பிய கறுப்பினச் சிப்பாய்கள் தங்கள் சங்கத்துக்காக 1896இல் கட்டியது. சார்ல்ஸ்டனில் கல்ஹூன் தூண் ஏறிய அதே ஆண்டு! போரில் மாண்டவர்களுக்காக அவர்கள் தொடங்கிய நினைவுநாள் வழக்கத்தை, இந்தக் கடலோரத்துக் கறுப்பினத்தவரான ‘குல்லா’ மக்கள் இன்றும் விடவில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த மூதாட்டி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். “மே மாதம் கடைசித் திங்கள்கிழமை வாங்க. காலையிலேயே வந்துடணும், அப்புறம் நிற்க இடம் கிடைக்காது” என்றவர், இசைக்குழு வரும் தெருக்களை ஒவ்வொன்றாகக் கைநீட்டிச் சொல்லத் தொடங்கினார்.