யவனர்களும் ஒரு உறியும்

போன மாசம் சேர்ந்தாப்புல நாலு நாள் லீவு கிடைச்சதும் பெங்களூர்ல இருந்து மதுரைக்கு பஸ் ஏறிட்டேன். கறிதோசை, ஜிகர்தண்டா, தூக்கம். இவ்வளவுதான் திட்டம். அதுல அக்கா மண்ணள்ளிப் போட்டுட்டா.

"தம்பி, இவ பெரிசானா சரித்திரம்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாடா. நீ சொன்னாத்தான் கேப்பா. கம்ப்யூட்டர் படிக்கச் சொல்லு."

சரின்னு மொட்டை மாடிக்குப் போனேன். ஒன்பதாவது படிக்கிற மருமகளும் அவ தோழிங்க மூணு பேரும் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தாங்க. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, பெரிக்ளிஸ்னு ஒரே சத்தம். "இந்த ஊரெல்லாம் எங்க இருக்கு?"ன்னு கேட்டேன். நாலு பேரும் முழிச்சாங்க. சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அப்படித்தான் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவன் :-)

சாக்பீஸ் வாங்கி தரையில மேப் போட்டேன். மத்தியதரைக் கடல், அதுல கிரீஸ். இந்தப் பக்கம், இன்னைய துருக்கியோட மேற்குக் கரை, அயோனியா. யவனர்ங்கிற சொல்லே அந்தப் பேர்ல இருந்து வந்ததுதான். கீழே எகிப்து. அங்க அலெக்சாந்தர் கி.மு. 331-ல உண்டாக்கின அலெக்சாந்திரியா. கிரேக்கம் பேசினவங்க எல்லாரும் கிரீஸ்ல மட்டும் இல்லைன்னு அப்பத்தான் பிள்ளைகளுக்குப் புரிஞ்சது.

அங்கேருந்து நைல் நதி வழியா படகு, பாலைவனத்துல ஒட்டகம், செங்கடல்ல கப்பல். அப்புறம் தென்மேற்குப் பருவக்காத்தைப் பிடிச்சா நேரா முசிறி. எகிப்துல இருந்து ஜூலை மாசம் கிளம்பணும்னு பெரிப்ளஸ்ங்கிற கிரேக்க நூல்ல இருக்கு. கி.பி. முதல் நூற்றாண்டு, எழுதினவர் பேர் தெரியாது. பாண்டிய நாட்டுக் கொற்கையில தண்டனைக் கைதிங்கதான் முத்துக் குளிச்சாங்கன்னும் அதே நூல் சொல்லுது.

"நம்ம மதுரை?"

அதுக்குத்தான் காத்திருந்தேன். கி.பி. 2-ஆம் நூற்றாண்டுல அலெக்சாந்திரியாவுல இருந்த தாலமி, பாண்டியன் தலைநகர் 'மொதுரா'ன்னு அட்சரேகை, தீர்க்கரேகையோட குறிச்சு வச்சிருக்கார். மேப் என்னவோ கோளாறுதான். இந்தியாவோட முக்கோணத்தைத் தட்டையாக்கி, இலங்கையைப் பூதாகரமாப் போட்டிருக்கார். அவருக்கும் 400 வருஷம் முந்தியே, பாடலிபுத்திரத்துல தூதரா இருந்த மெகஸ்தனிஸ், தெற்கே ஹெராக்ளிஸோட மகள் பாண்டையா ஆண்ட நாடுன்னு ஒரு கதை எழுதியிருக்கார். "மீனாட்சி!"ன்னு ஒருத்தி கத்தினா. அப்படிச் சொல்றவங்களும் உண்டு, ஆனா நிரூபணம் இல்லைன்னேன்.

அப்பத்தான் மருமக கேட்டா: "மாமா, அவய்ங்க நம்மளப் பத்தி இவ்வளவு எழுதிருக்காய்ங்க. நாம அவய்ங்க ஊரப் பத்தி என்ன எழுதினோம்?"

எனக்குச் சட்டுனு பதில் வரலை. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் குடிச்சது புறநானூற்றுல இருக்கு. யவனர் செஞ்ச பாவை விளக்கு நெடுநல்வாடையில இருக்கு. ஆனா அந்த ஊருக்குப் போய்வந்த கதை? எனக்குத் தெரிஞ்சு இல்லை.

கொஞ்ச நேரம் யோசிச்சப்புறம் ஒண்ணு ஞாபகம் வந்தது. எகிப்துல செங்கடல் ஓரத்துல குசேர் அல் காதிம்னு ஒரு பழைய துறைமுகம். அங்க கிடைச்ச ஒரு உடைஞ்ச ஜாடியில தமிழ் பிராமி எழுத்து. 2007-ல செய்தியா வந்தது. ஐராவதம் மகாதேவன் படிச்சது: 'பானை ஒறி'. அதாவது உறி. எங்க அம்மாச்சி வீட்டு அடுப்படியில பூனைக்குப் பயந்து தயிர்ப்பானையைத் தொங்கவிட்டிருந்த அதே உறி. ஏறக்குறைய 2000 வருஷம் முந்தி கடல் தாண்டிப் போன யாரோ ஒருத்தர் எழுதிவச்சது அந்த ரெண்டே சொல்.

மருமக ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அதை யாரு மாமா தோண்டி எடுக்கிறது? அதுக்கு என்ன படிக்கணும்?"னா.

நான் ரெண்டு வருஷம் ஆன்சைட்ல இருந்தவன். திரும்பி வரும்போது சாக்லேட்டைத் தவிர ஒண்ணும் கொண்டு வரலை. ஒரு வரி எழுதவும் இல்லை. நான் இவளுக்கு என்ன புத்தி சொல்ல?

கீழே வந்து அக்காகிட்ட, "அவ சரித்திரமே படிக்கட்டும்க்கா"ன்னேன்.

"உன்னை அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்"னு அக்கா அடுப்படிக்குப் போயிட்டா. அன்னைக்கு ராத்திரி எனக்குக் கறிதோசை கிடைக்கலை.