அதே அடி

மாரியம்மன் திருவிழா ராத்திரிகளில் எனக்குச் சாமி புறப்பாட்டைவிடப் பறைதான் பெரிது. சித்தப்பா பறைக் குழுவில் அடிப்பவர் என்பதால் ஒட்டியே நிற்க இடம் கிடைக்கும். வைக்கோலைக் கொளுத்திப் பறையைத் தீயின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டுவார். கன்றுத்தோல் சூடேறி இறுகும். விரலால் சுண்டுவார், காதருகே கொண்டுபோவார், போதாதென்று மறுபடி தீயிடம் நீட்டுவார். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இடக்கையில் மெல்லிய, நீண்ட சிண்டுக்குச்சி.

ஆரம்பித்துவிட்டால் ஒரே அடிதான், சுற்றிச் சுற்றி. கொஞ்ச நேரம் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். எப்போதோ எண்ணிக்கை கழன்றுவிடும், அதற்கப்புறம்தான் காது திறக்கும். ஒருவர் இரண்டு அடிக்கு நடுவே சின்னதாக ஒன்றைச் செருகியிருப்பார். நான் கவனிப்பதற்குள் பக்கத்துப் பறையும் அதை எடுத்துக்கொண்டிருக்கும். வேகமும் அப்படித்தான், எந்த இடத்தில் கூடியது என்று ஒருநாளும் பிடிபட்டதில்லை. ஒருமுறை சித்தப்பாவிடம் கேட்டேன், எப்ப மாத்தணும்னு எப்படித் தெரியும் என்று. "கூட அடிக்கிறவன் தோளைப் பாருடா" என்றார்.

நடுராத்திரிப் பனியில் தோல் தளர்ந்து ஓசை மங்கும். ஒவ்வொருவராக விலகிப்போய்த் தீயில் காய்ச்சிவருவார்கள், மற்றவர்கள் அடியை நிறுத்தவே மாட்டார்கள். காய்ந்துவந்த பறை மட்டும் கணீரென்று தனித்துக் கேட்கும். அடி மாறவில்லை, ஆனால் மொத்த இசையும் வேறாகியிருக்கும். எனக்கு உடம்பு சிலிர்ப்பது அந்த இடத்தில்தான்.

வெகுகாலம் கழித்து அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷின் 'டிரம்மிங்' கேட்டேன். 1970இல் கானாவுக்குப் போய் ஈவே மக்களின் தாள இசையைக் கற்றுத் திரும்பியவர், 1971இல் இதை முடித்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் இசைக்கு ஆதாரம் ஒரே ஒரு தாளக்கட்டு. முதல் பகுதியில் போங்கோக்கள் மட்டும். ஒற்றை அடியில் தொடங்கி, நடுவே உள்ள வெற்றிடங்களை ஒவ்வோர் அடியாக நிரப்பிக்கொண்டே போகிறார்கள். பிறகு சேர்ந்து அடிக்கும் இருவரில் ஒருவர் மயிரிழை வேகம் கூட்டுகிறார். இருவரும் விலகிக் குழம்பி, ஒருவர் ஓரடி முன்னே போய்ப் பொருந்துகையில், இருவரில் எவரும் தனியாக அடிக்காத மெட்டொன்று எழுகிறது.

இதைச் சலிப்பு என்பவர்களோடு நான் ஒருநாளும் உடன்பட மாட்டேன். அந்த மெட்டு எந்த இடத்தில் பிறக்கிறது என்று பதிவைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டித் தேடியிருக்கிறேன். பிடிபடாமல், தேடுவதை விட்டுவிட்டு முதலிலிருந்து கேட்பேன்.