சுண்ணாம்புக்கு முன்னால்

ஊவாவுக்கு மழை வருவது வருடக் கடைசியில். தென்மேல் பருவத்தில் ஹட்டனும் நுவரெலியாவும் நனையும்போது பதுளைப் பக்கம் காய்ந்த காற்றுத்தான் வீசும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் ஏறுவது அந்தக் காற்றில்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் நமுனுகுலை உச்சி நாள்கணக்கில் கண்ணுக்குத் தெரியாது. பொங்கலுக்கு முன் நாலு நாள் வெயில் கண்டால் போதும், லயங்களில் சுவர் கழுவத் தொடங்கிவிடுவார்கள். அதைப் பார்க்கத்தான் பசறை வீதியிலுள்ள ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் ஒட்டி நிற்கும் பழைய லயம் அது. கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர், தகரக் கூரை. முன்பக்கம் பரவாயில்லை. பின்பக்கம் மலையை வெட்டிய மண்திட்டு. சுவருக்கும் திட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் அகலத்தில் ஒரு கான். வெயில் நுழையாத அந்தச் சந்தில் சுவர் மூன்று நிறமாக இருந்தது. தரையோரம் பச்சைப் பாசி. தகரத்திலிருந்து நீர் வடிந்த தடமெல்லாம் கறுப்பு. ஆங்காங்கே காவி நிறத்தில் ஒரு படலம். அதைத் தகரத் துரு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். துருவும் உண்டு, ஆனால் விரலால் தேய்த்தால் பஞ்சு போல வருவது டிரென்டிபோலியா என்ற பாசி. தேயிலை இலையில் செந்துரு நோயைக் கொண்டுவரும் செபலூரோஸும் இதே குடும்பம்தான். கறுப்பு வேறு இனம். தன்மேல் கரிய உறை போர்த்திக்கொண்டு வெயிலைத் தாங்கும் நுண்ணுயிர் அது. காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்கு எழுந்துவிடும்.

கழுவ வந்த பெரியவர் கவ்வாத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உதவிக்கு மருமகள், அன்று கொழுந்துக்குப் போகாததால் அவருக்கு அன்றைய சம்பளம் இல்லை. வேலை சுவரில் தொடங்கவில்லை. பெரியவர் ஏணியைச் சாத்திக் கூரையோரத்துக்கு ஏறினார்.

“மொதல்ல பீலியப் பாக்கணும் தம்பி. தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாக்காம சொவத்தத் தேய்ச்சா, வருசா வருசம் தேய்ச்சிக்கிட்டே கெடக்க வேண்டியதுதான்.”

சவுக்கு இலையும் செடி முளைத்த சேறுமாக வாரி வாரிக் கீழே போட்டார். ஓரிடத்தில் பீலி துருப்பிடித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதற்கு நேர் கீழேதான் சுவரில் இருந்த மிகக் கறுத்த தடம். பிறகு மருமகள் மண்வெட்டியோடு கானில் இறங்கினார். திட்டிலிருந்து சரிந்த மண் கானை நிரப்பிச் சுவரடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை வெட்டி அள்ளி முடிக்கவே மதியமாகிவிட்டது.

கழுவும்போது கீழிருந்து மேலே போனார்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த சுவரில் ஓடி, அந்தக் கோடு அப்படியே தங்கிவிடும். முதலில் சுவரை நனைத்து ஊறவிட்டு, பாசியைத் தகட்டால் சுரண்டி, பிறகு தேங்காய்ப் பொச்சால் தேய்த்தார்கள். கம்பி பிரஸ்ஸைப் பெரியவர் தொடவே விடவில்லை. பழைய சாந்து அதற்குத் தாங்காது. கறுப்புக்கு மட்டும் குளோரின் தூளைக் கரைத்துத் தடவி, சற்று நேரம் விட்டுக் கழுவினார்கள். அதோடு கழிப்பறை கழுவும் அசிட்டைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சேர்க்கவே கூடாது, நச்சுப் புகை கிளம்பும், அதுவும் அப்படி ஒரு சந்தில்.

சுண்ணாம்பு பீப்பாயில் முதல்நாளே நீற்றி ஆறவைத்திருந்தது. அதைப் பழைய சேலைத்துணியில் வடிகட்டி, ஒரு கை உப்பும் துளி நீலமும் சேர்த்தார் மருமகள். கைக்கு ஏற்கெனவே தேங்காயெண்ணெய் தடவியிருந்தார். இல்லையென்றால் விரலிடுக்கு வெடித்துவிடும். நீர்த்த மோர் பதத்தில் இருந்த அதை ஈரச் சுவரில் அடித்தபோது ஒன்றுமே தெரியவில்லை. காயக் காயத்தான் வெளுப்பு வந்தது. சுண்ணாம்பின் காரம் பாசியைக் கொல்கிறது. கவ்வாத்துக்குப் பிறகு தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் போடுவதும் இந்தக் காரத்துக்காகவே. ஆனால் சுவரில் பூசியது காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லத் திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாகிவிடும். காரம் போனதும் பாசிக்குத் துணிவு வந்துவிடும். ஆண்டுதோறும் இந்த வேலை வருவது அதனால்தான்.

மூன்றாவது காம்பராவின் மகன் கொழும்பில் வேலை செய்கிறார். நல்ல பெயின்ட் வாங்கி வந்து அடித்திருக்கிறார். அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. பெரியவர் ஒரு கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்த, உள்ளேயிருந்து ஈரச் சாந்து பொடியாக உதிர்ந்தது. இப்படிப்பட்ட சுவர் உறிஞ்சிய நீரை வெளியே மூச்சாக விட வேண்டும். பெயின்ட் அதை அடைத்துவிடுகிறது. சீமெந்துப் பூச்சும் அப்படித்தான். ஈரம் அதற்கு மேலே ஏறி வெளிவரும். அந்த மகனின் ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். அம்மா இருக்கும் வீடு அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

கடைசிக் காம்பராவில் பாசியைச் சுரண்டியபோது மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் ஒரு வெடிப்பு வெளிப்பட்டது. பெரியவர் அதைச் சுண்ணாம்பால் மூடவில்லை. அதன் இரு முனையிலும் பென்சிலால் கீறி, பக்கத்தில் தேதி எழுதினார். நீண்டால் தெரிந்துவிடும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை இதே மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. மழைக்காலத்தில் சுவரில் புது வெடிப்பு, கலங்கி வரும் ஊற்று, சாய்ந்த மரம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும்படி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவருகிறது. இந்தச் சந்தில் அந்த வெடிப்பைப் பார்க்க வேறு யாரும் வரப்போவதில்லை. பாசியைச் சுரண்டியவர்தான் பார்த்தார். சுவர் கழுவுவதை அலங்கார வேலை என்று யாராவது சொன்னால் இனி நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

லயத்தையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்று 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமே சொன்னது. முன்பு தோட்டமே ஆள் போட்டு வெள்ளையடித்தது பெரியவருக்கு நினைவிருக்கிறது. 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுடையதாகவே இருக்கிறது. குடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் காணி உறுதி கிடையாது. தங்களுக்குச் சொந்தமில்லாத சுவரைத் தங்கள் சம்பளத்தை விட்டுக் கழுவுகிறார்கள்.

“சுண்ணாம்பு நாங்களே வாங்கிக்கிறோம்ணே,” என்றார் மருமகள். “பீலியும் கானும் தோட்டம் செஞ்சு குடுத்தாப் போதும்.”

அந்த லயத்துக்கு அது ஒரு வரிசை புதுப் பீலியும், கானுக்குச் சில மூட்டைச் சீமெந்தும்தான். அடுத்த ஐப்பசிக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது.