காஞ்சித் திண்ணையும் கைக்கணக்கும்

காஞ்சிபுரம் என்றதும் நம் பெண்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பட்டுப்புடவை. அடுத்தது காமாட்சி அம்மனும், ஏகாம்பரநாதரும், வரதராஜப் பெருமாளும். மூன்றாவதாக, மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லி. கல்யாணப் புடவை எடுக்க வேன் பிடித்து வருகிறவர்கள் இந்த மூன்றையும் முடித்துக்கொண்டு சாயங்காலமே ஊர் திரும்பிவிடுவார்கள்.

இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்ற உரிமையில் நான் நாலாவதாக ஒன்றைச் சொல்வேன். அதுதான் திண்ணை! 'இதைப் பார்க்கவா காஞ்சிபுரம் வரவேண்டும்?' என்று சிரிக்காதீர்கள். ஒரு தடவை பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களில் காலை வேளையில் நடந்து பாருங்கள். அப்புறம் உங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று கட்டினால் என்ன என்று தோன்றும். தோன்றினால் எவ்வளவு செலவாகும், எப்படித் திட்டமிடுவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தறிக்கும் தெருவுக்கும் நடுவே

நெசவாளர் வீட்டில் கூடத்தின் பெரும்பகுதியைத் தறியே அடைத்துக்கொள்ளும். தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்கிற குழித்தறி. மிச்ச இடத்தில்தான் சமையல், குழந்தையின் படிப்பு, படுக்கை எல்லாம். உள்ளே வெளிச்சமும் காற்றும் கொஞ்சம் மட்டுத்தான்.

அதனால்தான் இங்கே திண்ணை வெறும் அலங்காரம் இல்லை. பெண்கள் ராட்டையை வெளியே எடுத்து வந்து தார் சுற்றுவது திண்ணையில். கைக்குழந்தைக்கு இளவெயில் காட்டுவது திண்ணையில். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிறபோது, சாமான்களை வைத்துக்கொள்வதும் திண்ணையில். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு மருமகள், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு மனம் விட்டு நாலு வார்த்தை பேசுவதும் அங்கேதான்.

2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்தி வரதர் தரிசனம் தந்தாரே, அப்போது ஊர் தாங்காத கூட்டம். திண்ணையின் அருமை அன்று எங்களுக்குத் தெரிந்தது. யாரென்றே தெரியாத வயதான அம்மாக்கள் வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

ஆனால் திண்ணைகள் குறைந்துகொண்டே வருகின்றன. சில வீடுகளில் இடித்துவிட்டு ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். சில வீடுகளில் கம்பிக் கதவு போட்டுக் கடையாக்கிவிட்டார்கள். இன்னும் சில வீடுகளில் ரோடு போடப் போட, தெரு உயர்ந்து திண்ணை தரையோடு தரையாகிவிட்டது! திரும்பக் கட்டலாம் என்று ஆசைப்படுகிறவர்களும் 'ஏகப்பட்ட செலவாகுமாமே' என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்கத்தான் இந்தக் கணக்கு.

கைலாசநாதர் கோயில் சொல்லும் பாடம்

பிள்ளையார்பாளையத்தை ஒட்டியே, ஊரின் மேற்கு ஓரத்தில் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டி சுமார் 1300 வருஷம் ஆகிறது. அதன் சிற்பங்களெல்லாம் மணற்கல்லில் செதுக்கியவை. மழையும் காற்றும் பட்டுப் பல இடங்களில் கரைந்திருக்கின்றன. ஆனால் எடையைத் தாங்குகிற அடிப்பகுதிக்கு அவர்கள் போட்டது கருங்கல். எங்கே அழகு, எங்கே பலம் என்று பிரித்து யோசித்துச் செலவு செய்திருக்கிறார்கள், பாருங்கள்.

நாம் என்ன செய்கிறோம்? கையில் பணம் வந்ததும் முதலில் பளபளக்கும் கிரானைட் கடைக்கு ஓடுகிறோம்! எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சீட்டு எடுத்த பணத்தில் பெரும்பங்கை மேல்கல்லுக்கே போட்டார்கள். உள்ளே கொட்டியது வீடு இடித்த குப்பை மண். முதல் மழைக்காலத்திலேயே மண் உள்வாங்கி, கல் நடுவில் விரிந்துவிட்டது. பட்டு நெய்தே தலை நரைத்த ஒரு ஆயா அதைப் பார்த்துவிட்டு, "பாவு நைஞ்சு போச்சுன்னா மேல எவ்ளோ ஜரிகை போட்டு என்னம்மா பிரயோஜனம்?" என்றார். அதைவிடத் தெளிவாக எந்த இன்ஜினீயரும் சொல்லிவிட முடியாது.

இது நம் ஊருக்கு மட்டும் பொருந்துகிற பாடம் இல்லை. கனடாவில் டொரான்டோ பக்கம் இருக்கும் என் தங்கை மகள், வீட்டுக்குப் பின்னால் 'டெக்' கட்டினாள். டெக் என்றால் மரத்திண்ணை, அவ்வளவுதான். "பெரியம்மா, நாலடி ஆழத்துக்குக் குழி தோண்டித்தான் தூணே நிறுத்தணுமாம். பாதிப் பணம் மண்ணுக்குள்ளேயே போயிடுச்சு!" என்று போனில் அலுத்துக்கொண்டாள். அங்கே குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கிற ஈரம் உறைந்து பனிக்கட்டியாகும். தண்ணீர் உறைந்தால் விரியும் அல்லவா? ஆழமில்லாத தூணை அது மேலே தூக்கிவிடும். வெயில் காலத்தில் உருகினால் தூண் திரும்ப இறங்கும். அதனால்தான் பனி எட்டாத ஆழம் வரை போகிறார்கள். அங்கே எதிரி பனி. இங்கே எதிரி மழையும் உள்வாங்கும் மண்ணும். இரண்டு இடத்திலும் பணம் முதலில் கீழேதான் போகவேண்டும்.

பத்தடித் திண்ணைக்கு என்ன வேண்டும்?

விலைவாசி ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே அளவைத் தருகிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

10 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள ஒரு திண்ணை. பின்பக்கம் வீட்டுச் சுவர் இருப்பதால் மூன்று பக்கம் மட்டும் சுவர் எழுப்பினால் போதும். ஒன்றரை அடி ஆழம் பள்ளம் தோண்டி, அடியில் அரையடி கான்கிரீட் போட்டு, அதன்மேல் செங்கல் கட்டு வரும். களிமண் பூமியானால் இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டியிருக்கும், கொத்தனாரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செங்கல்: உடைசலும் சேர்த்து 650.
சிமெண்ட்: எல்லா வேலைக்கும் சேர்த்து 6 மூட்டை; கைவசம் ஒன்று அதிகம்.
எம்-சாண்ட்: 30 கன அடி.
ஜல்லி: 25 கன அடி.
உள்ளே நிரப்பக் கிராவல் மண்: 60 கன அடி. 100 கன அடிதான் ஒரு யூனிட் என்பதை மறக்காமல் பேரம் பேசுங்கள்.
மேல்கல்: 40 சதுர அடிக்கு, வெட்டுச் சேதம் சேர்த்து 44.
ஆள்: ஒரு கொத்தனார், இரண்டு சித்தாள், மொத்தம் ஆறு நாள்.

இனி, கையில் இருக்கும் பணத்தைப் பத்துப் பங்காகப் பிரியுங்கள். பள்ளம், செங்கல் கட்டு, மண் நிரப்புவது ஆகியவற்றுக்குக் கூலியோடு 5 பங்கு. மேல் கான்கிரீட், கல், பூச்சுக்கு 3 பங்கு. வண்டி வாடகைக்கும் இறக்குகூலிக்கும் 1 பங்கு. மீதி 1 பங்கைத் தொடவே கூடாது. எதிர்பாராத செலவு வராத கட்டட வேலை உலகத்தில் கிடையாது! 3 பங்குக்குள் கிரானைட் அடங்கவில்லையென்றால் கடப்பா போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் சிவப்பு ஆக்சைடு தரை. பார்க்கவும் அழகு, உட்காரவும் சுகம். மேற்குப் பார்த்த வாசலுக்குக் கறுப்புக் கல் வேண்டாம்; சாயங்காலம் வரை சுடும்.

இரண்டு தவணையில் கட்டுங்கள்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நெசவாளர் வீட்டில் மாதச் சம்பளம் கிடையாது. புடவை இறங்கினால்தான் கூலி. ஒரு புடவைக்குப் பத்து, பதினைந்து நாள், வேலைப்பாடு அதிகமானால் அதற்கு மேலும் ஆகும். அதற்காகக் கடன் வாங்கி ஒரே மூச்சில் கட்ட வேண்டியதில்லை.

சித்திரை, வைகாசியில் கீழ்க்கட்டை முடியுங்கள். கிராவலை ஒரேயடியாகக் கொட்டாமல், அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் வெளியேற முன்சுவரில் சின்னக் குழாய் ஒன்று வையுங்கள். மேலே செங்கல்லை அப்படியே பரப்பிவிட்டால் இப்போதைக்கு உட்காரவும் ஆயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் எவ்வளவு இறங்குமோ அவ்வளவும் இறங்கிவிடட்டும். அதற்குள் மேல்தளப் பணத்தைச் சீட்டிலோ தபால் ஆபீசிலோ சேர்த்துவிடலாம். தை பிறந்ததும் பள்ளத்தை நிரவிக் கான்கிரீட் போட்டுக் கல் பதியுங்கள். கடனுக்கு வட்டியும் இல்லை, கல்லுக்கு வெடிப்பும் இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணை இப்படிக் கட்டியதுதான்.

கவனிக்க வேண்டியவை

திண்ணை உங்கள் மனைக்குள்ளேயே அடங்கவேண்டும். பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்து வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். தெருவில் ஓரடி நீண்டாலும் நாளைக்கு இடிபட்டால் போட்ட பணம் அத்தனையும் போச்சு. வடிகாலின் மேல் கட்டவே கூடாது. 2021-லிருந்து எங்கள் ஊர் மாநகராட்சி; கட்டுமுன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. உங்கள் ஊரிலும் அப்படியே.

திண்ணையின் மேல்மட்டம் வீட்டுத் தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்கட்டும். உள்மண் படுகிற வீட்டுச் சுவரை நிரப்புவதற்கு முன்பே நீர் புகாத கலவையால் பூசிவிடுங்கள். இல்லையென்றால் ஈரம் சுவரில் ஏறி, உள்ளே தறியில் இருக்கிற பட்டுக்கும் ஆகாது, குழந்தையின் மூச்சுக்கும் ஆகாது. தெருப்பக்கம் அரை அங்குலம் சரிவு கொடுத்தால் தண்ணீர் தேங்காது. சிமெண்ட் வேலைக்கு ஒரு வாரமாவது விடாமல் தண்ணீர் விடுங்கள். இதற்குக் காசு கிடையாது, நம் கை வேலைதான்.

முட்டி வலி உள்ள பெரியவர்களுக்காக ஆறு, ஏழு அங்குல உயரத்தில் படிகள் வையுங்கள். தவழும் குழந்தை இருந்தால் ஓரக்கல்லின் முனையை உருட்டி மழுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை காஞ்சிக்குப் புடவை எடுக்க வரும்போது ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி இந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். புடவை பீரோவுக்குள் இருக்கும். வருஷத்துக்கு நாலு நாள் வெளியே வரும். திண்ணை அப்படியா? தினமும் நாம் உட்கார்ந்து மூச்சு விட ஒரு இடம். அதற்காக வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் இன்றைக்கே ஒரு பக்கம் ஒதுக்குங்களேன்!