பனிமலைக் கடலில் ஒரு பட்டு வேட்டி

கனடா நாட்டின் மேற்குக் கரையில் அமைந்த அழகிய துறைமுக நகரம் வான்கூவர். வெண்ணிறப் பாய்களை வரிசையாக விரித்தாற்போன்ற கூரையுடைய ‘கனடா பிளேஸ்’ துறையிலிருந்து, கோடைக்காலம் முழுவதும் அலாஸ்காவை நோக்கி உல்லாசக் கப்பல்கள் புறப்பட்ட வண்ணம் இருக்கும். பாரத நாட்டு அன்பர்களுக்கு இந்நகரம் வேறொரு காரணத்தாலும் நினைவிற்குரியது. 1893ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் ‘எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா’ என்னும் கப்பலில் வந்த சுவாமி விவேகானந்தர் கரையிறங்கியது இங்கேதான். இங்கிருந்து ரயிலேறித்தான் அவர் சிகாகோ சென்றார்.

அந்த வான்கூவரிலிருந்து ஒரு கோடையில், திருநெல்வேலியைச் சேர்ந்த முதிய தம்பதியர் மகள், மருமகன், பேரன் ஆகியோருடன் கப்பலேறினர். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எழுபது வயது நிறைந்து, திருக்கடையூரில் அபிராமி அம்மையின் சந்நிதியில் பீமரத சாந்தி கண்டவர். அந்தச் சாந்திக்கு வர இயலாமற்போன மகள், அக்குறை தீரப் பெற்றோருக்கு அளித்த பரிசே இந்த ஏழு நாள் கடற்பயணம்.

கப்பலில் சைவ உணவு கிடைக்குமா என்ற கவலை முதல் நாளே தீர்ந்தது. பயணச்சீட்டு வாங்கும்போதே மகள் எழுதிக் கொடுத்திருந்தபடியால், வெங்காயம் பூண்டு இல்லாத சோறும் பருப்பும் காய்கறியும் தனியே சமைத்துத் தந்தார்கள். கப்பலில் தீ விபத்துக்கு அஞ்சி விளக்கேற்றவும் ஊதுவத்தி, கற்பூரம் கொளுத்தவும் அனுமதி இல்லை. அம்மையார் அறையின் சிறு மேசைமேல் நெல்லையப்பர், காந்திமதி படத்தை வைத்துப் பூவிட்டுக் கைகூப்பியதோடு காலை வழிபாட்டை நிறைவு செய்துகொண்டார்.

இரண்டாம் நாள்தான் சிக்கல் எழுந்தது. அறையில் வைக்கப்பட்டிருந்த அன்றைய நிகழ்ச்சித் தாளில், மாலையில் ‘ஃபார்மல் நைட்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. பெரிய உணவுக்கூடத்தில் அன்று இரவு உண்ண வருவோர் சிறப்பான உடையில் வருதல் வேண்டும் என்பது அதன் பொருள்.

இவ்வழக்கம் பழைய பயணக் கப்பல்களின் காலத்தது. அக்காலத்தில் முதல் வகுப்பில் சென்றோர் ஒவ்வோர் இரவும் உடை மாற்றிக்கொண்டுதான் உணவுக்கு வருவார்கள். புறப்படும் இரவுக்கும் கரைசேரும் முன்னிரவுக்கும் மட்டும் விலக்கு உண்டு. அவ்விரு இரவுகளிலும் பெட்டிகள் கட்டிக் கிடக்கும் என்பதே காரணம். இக்காலத்தில் அக்கட்டுப்பாடு பெரிதும் தளர்ந்துவிட்டது. ஏழு இரவுப் பயணம் என்றால் பெரும்பாலும் இரண்டு இரவுகளே இதற்கென ஒதுக்கப்படுகின்றன. நார்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே, அவரவர் விருப்பப்படி உடுத்தி உண்ணலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. மரபை இன்னும் பேணிவரும் கியூனார்ட் போன்ற நிறுவனங்களிலும், அலங்கார உடை உடுத்த விரும்பாதோர் மேல்தளத்தில் தாமே பரிமாறிக்கொள்ளும் உணவகத்தில் உண்ணலாம். கட்டாயம் யாருக்கும் இல்லை.

“நமக்கு மேல்தளமே போதும்,” என்றார் ஆசிரியர். அன்றிரவு அவர்கள் மேல்தளத்தில் உண்டனர். மகளும் மருமகனும் பேரனும் உடுத்திக்கொண்டு கீழே சென்றனர். அறைக்குத் திரும்பியதும் அம்மையார் பெட்டியைத் திறந்து, திருக்கடையூரில் உடுத்திய அரக்குப் பட்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மூடினார். அதன் கீழே ஆசிரியரின் மயில்கண் கரையிட்ட பட்டு வேட்டியும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்து வந்த செய்தியை அவர் கணவரிடம் சொல்லவில்லை.

பழைய புண்

ஆசிரியரின் மறுப்புக்கு ஒரு காரணம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன், சென்னையில் உயர் பதவியில் இருந்த பழைய மாணவர் ஒருவர், அவரை ஒரு மனமகிழ் மன்றத்தில் விருந்துக்கு அழைத்திருந்தார். வெள்ளை வேட்டியும் சட்டையும் அங்கவஸ்திரமும் அணிந்து, நெற்றி நிறைய நீறு பூசிச் சென்றார் ஆசிரியர். வேட்டி கட்டியவருக்கு அனுமதி இல்லை என்று வாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள். மாணவர் பதறி ஓடிவந்து, கால்சட்டை ஒன்று வரவழைப்பதாகச் சொன்னார். ஆசிரியர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அன்றிரவே நெல்லைக்கு ரயிலேறினார். வீட்டில் மனைவியிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். பிறகு பேசவே இல்லை.

2014ஆம் ஆண்டு ஜூலையில், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே வேட்டி அணிந்து வந்ததற்காகச் சென்னையில் ஒரு மன்றத்தில் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே, வேட்டி அணிந்தோரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றம் என்று தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. செய்தித்தாளில் அதைப் படித்த ஆசிரியர், ‘நல்லது’ என்ற ஒற்றைச் சொல்லோடு தாளை மடித்து வைத்தார். ஆனால் சட்டம் வந்துவிட்டதனால் மனத்தின் புண் ஆறிவிடுமா?

கணித மேதை இராமானுஜனின் வரலாற்றை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அவர் ஓரிடத்தில் தயங்குவதுண்டு. 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சென்னையில் ‘நெவாசா’ கப்பலேறுமுன், இராமானுஜன் குடுமியைக் களைந்து மேல்நாட்டு உடைக்கு மாற வேண்டியிருந்தது. அயலார் விருந்துக்கு உடுத்துதல் என்றாலே தன்னைக் களைதல் என்று ஆசிரியரின் உள்ளத்தில் படிந்துவிட்டது.

ஜூனோவில் கண்ட போர்வை

மூன்றாம் நாள் கப்பல் அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவை அடைந்தது. அங்குள்ள அருங்காட்சியகத்தில், அந்நிலத்தின் தொல்குடியினரான டிலிங்கிட் மக்களின் ‘சில்காட்’ போர்வைகள் வைக்கப்பட்டுள்ளன. மலையாட்டின் மயிரையும் ஒருவகை மரத்தின் பட்டை நாரையும் முறுக்கி நெய்தவை அவை. ஒன்றை நெய்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். அன்றாடம் அணிவதற்கன்றி, குலத்தார் கூடும் சடங்குகளுக்காகவே நெய்யப்பட்டவை. அவற்றின்முன் நெடுநேரம் நின்ற அம்மையார், “நம் கூறைப் பட்டு மாதிரி,” என்றார்.

மறுநாள் ஸ்காக்வே துறையில் நின்றபோது, அம்மையார் பேச்சைத் தொடங்கினார். “திருச்செந்தூரில் சட்டையைக் கழற்ற வேண்டும் என்றால் கழற்றிவிட்டுத்தானே போகிறோம்? திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமியைச் சேவிக்கப் போனபோது, இந்தப் பேரன் கால்சட்டையை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டுதானே உள்ளே வந்தான்? ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டானா?”

“அது சுவாமிக்காக. இங்கே யாருக்காக?” என்றார் ஆசிரியர்.

“கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்காக.”

ஆசிரியர் பதில் சொல்லவில்லை. அம்மையார் பயணத்துக்கென எடுத்து வந்திருந்த சுவாமி விவேகானந்தரின் கடிதத் தொகுப்பை எடுத்துப் பிரித்தார். அமெரிக்கா வந்த சில வாரங்களில், 1893 ஆகஸ்ட் 20 அன்று, சென்னை அன்பர் அளசிங்கப் பெருமாளுக்குச் சுவாமிகள் எழுதிய கடிதம் அது. குளிருக்கேற்ற உடையின்றிக் கடற்பயணத்தில் வாடியவர் அவர். அவருடைய கோலத்தைக் காணத் தெருவில் கூட்டம் கூடியது. ஆகவே வெளியே செல்வதற்கு நீண்ட கறுப்பு அங்கி ஒன்று வாங்கிக்கொண்டு, காவி உடையையும் தலைப்பாகையையும் சொற்பொழிவுக்கென வைத்துக்கொள்ள எண்ணியதை அதில் எழுதியிருக்கிறார்.

“பார்த்தீர்களா? தெருவுக்குத்தான் அவர்கள் ஊர் உடை. சபைக்கு நம் உடை,” என்றார் அம்மையார்.

பேரனும் தன் பங்குக்கு வரவேற்பு மேசைக்குச் சென்று விசாரித்து வந்தான். “தாத்தா, அவரவர் நாட்டுச் சிறப்பு உடையில் தாராளமாக வரலாமாம். கோட்டும் சூட்டும்தான் வேண்டும் என்று இல்லையாம்.”

பனியின் சந்நிதி

ஐந்தாம் நாள் விடியலில் கப்பல் ‘கிளேசியர் பே’ என்னும் பனியாற்று விரிகுடாவுக்குள் நுழைந்தது. 1992 முதல் உலகப் பாரம்பரியச் சின்னத்தின் பகுதியாக விளங்கும் இவ்விடத்துக்கு, நாளொன்றுக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. தேசியப் பூங்காவின் காவலர்கள் படகில் வந்து கப்பலேறி, இடத்தின் வரலாற்றைச் சொல்கிறார்கள். வான்கூவர் நகருக்குத் தம் பெயரைத் தந்த ஜார்ஜ் வான்கூவரின் குழுவினர் 1794இல் இப்பக்கம் வந்தபோது, இவ்விரிகுடா ஏறக்குறைய முழுவதும் பனியாகவே இருந்தது. 1916க்குள் பெரும்பனி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. இன்று கப்பல் மிதக்கும் நீர்ப்பரப்பெல்லாம் அன்று பனிமலை.

நண்பகலுக்கு முன் மார்ஜரி பனியாற்றின் எதிரே கப்பல் நின்றது. சுமார் 34 கிலோமீட்டர் நீண்டு மலையிலிருந்து இறங்கி வரும் அப்பனியாறு, நீர்மட்டத்துக்குமேல் 75 மீட்டர் அளவுக்குச் சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதன் நிறம் வெறும் வெண்மையன்று. நீலகண்டனின் மிடற்றை நினைவூட்டும் நீலம் உள்ளிருந்து ஒளிர்கிறது. இடி முழக்கம்போல் ஓர் ஓசை எழுந்தது. கோபுரம் ஒன்று சரிவதுபோல் பனிப்பாளம் பெயர்ந்து கடலில் வீழ்ந்தது. தளத்தில் நின்ற ஆயிரம் பேரும் ஒரு கணம் பேச்சற்றுப் போயினர். ஆசிரியரின் அருகில் நின்ற வெள்ளைக்கார முதியவர் ஒருவர் தம் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

கயிலையை நேரில் காணும் பேறு தமக்குக் கிட்டவில்லையே என்று ஏங்கி வந்த ஆசிரியர், கம்பளிக் கையுறையைக் கழற்றிவிட்டு இரு கைகளையும் கூப்பினார். தொப்பியைக் கழற்றியவர் அதைக் கண்டு தலைதாழ்த்தினார். ஒருவர் கழற்றிக் காட்டிய மரியாதையும் ஒருவர் கூப்பிக் காட்டிய மரியாதையும் ஒன்றே என்பதை இருவருக்கும் எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை இரண்டாவது விருந்து இரவு. அம்மையார் ஒன்றும் கேட்கவில்லை. அரக்குப் பட்டை எடுத்துக் கட்டிலின் ஒரு பக்கம் வைத்தார். மறுபக்கம் மயில்கண் வேட்டியையும் அங்கவஸ்திரத்தையும் வைத்தார். “நீங்கள் வராவிட்டால் நான் பேரனோடு போய்வருகிறேன்,” என்று மட்டும் சொன்னார். ஆசிரியர் சிறிது நேரம் சாளரத்தின் வழியே, விலகிச் செல்லும் பனிமலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைகால் கழுவி, நீறு பூசி, வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். குளிருக்காக உள்ளே கம்பளிச் சட்டையும் மேலே முழுக்கைச் சட்டையும் அணிந்தார்.

உணவுக்கூடத்தின் வாயிலை நெருங்கியதும் அவர் கால்கள் தாமாகவே நின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த வாயில் கண்முன் வந்திருக்க வேண்டும். அம்மையார் அவர் கையைப் பற்றவில்லை; அருகில் நின்று காத்திருந்தார். உள்ளிருந்து வந்த இந்தோனேசிய இளைஞர், வேட்டியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். இரு கைகளையும் கூப்பி வணங்கி, சாளரத்தோரம் அமைந்த மேசைக்கு அழைத்துச் சென்றார்.

அடுத்த மேசையில், கட்டமிட்ட கம்பளித் துணியை இடையில் சுற்றிய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அமர்ந்திருந்தார். ‘கில்ட்’ என்னும் அவ்வுடை அவர் நாட்டின் விழாக்கால உடை. காலையில் தொப்பியைக் கழற்றிய முதியவர் அவரே. இருவரும் ஒருவர் இடையை மற்றவர் பார்த்து வாய்விட்டுச் சிரித்தனர். சோறும் பருப்பும் வந்தன. வெளியே, இரவு ஒன்பது மணிக்கும் மறையாத வடநாட்டுக் கதிரொளி பனிச் சிகரங்களின்மேல் படிந்திருந்தது.

உடுத்துதல் செல்வத்தைக் காட்டுவதற்கன்று. பட்டுத்தான் வேண்டும் என்பதுமில்லை; வெளுத்து மடித்த பருத்தி வேட்டியும் அத்தகைய அவைக்குப் போதும். உடல்நலம் இடந்தராதவர்களும் விருப்பமில்லாதவர்களும் மேல்தளத்தில் உண்பதில் எவ்விதக் குறையும் இல்லை. ஆனால் அச்சத்தாலோ பழைய அவமதிப்பாலோ ஒதுங்க நினைப்பவர், தம் பெட்டியின் அடியில் மடித்துக் கிடப்பதை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். சந்நிதிக்கு எதை உடுத்திச் சென்றோமோ, அதுவே எந்த அவைக்கும் தக்க உடை.

அன்றிரவு அறைக்குத் திரும்பிய ஆசிரியர், நெல்லையப்பர் படத்தின்முன் சிறிது நின்றார். பிறகு மனைவியிடம், “நாளைக்கும் ஏதாவது விருந்து உண்டா?” என்று கேட்டார்.