சோற்றுக் கொட்டு

நாம் வசிக்கும் ஊருக்குப் பாடி என்று பெயர். அந்தப் பெயருக்கு ஏற்றாற்போல், ஞானசம்பந்தப் பெருமான் பாடிய திருவலிதாயம் இவ்வூரிலேதான் இருக்கிறது. ஆகையால் சங்கீதத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல நமக்கும் சிறிது பாத்தியதை உண்டு.

வியட்நாம் தேசத்தில் 'ட்ரொங் கோம்' என்று ஒரு மத்தளம் வழங்குகிறது. சோற்றுக் கொட்டு என்று அர்த்தம். சோற்றைப் பிசைந்து தோலின் நடுவே அப்பிச் சுருதி சேர்க்கிறார்கள். நம் மிருதங்க வித்துவான் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறார் அல்லவா? அதே யுக்திதான். அந்தத் தேசத்துப் பழைய சம்பா ராஜ்யத்தில் சிவபெருமானுக்குக் கோயில்கள் எழுந்ததை நினைக்கும்போது, இரண்டு கொட்டுகளும் தாயாதிகளோ என்று எண்ணத் தோன்றுகிறது.

நிற்க. வாத்தியத்துக்குச் சோறு கிடைத்துவிட்டது, வாசிப்பவருக்கு?

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கையில் பம்பைக்காரர் வருகிறார். மரத்தாலொன்றும் உலோகத்தாலொன்றுமாக இணைத்துக் கட்டிய இரட்டைக் கொட்டை இடுப்பில் தாங்கி, குச்சிகளால் முழக்குகிறார். உடுக்கைக்காரர் அம்மனை வருணித்துப் பாடுகிறார். தெருவே மெய்சிலிர்க்கிறது. ஆனால், கூலி பேசும்போது ஊரார் கை சுருங்கிவிடுகிறது. அடுத்த வருஷம் ஒலிபெருக்கியே போதும் என்கிறார்கள்.

பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. தில்லியில் கிடைத்த மரியாதை தெருவுக்கும் வந்து சேர வேண்டாமா? நேயர்களே! இந்த ஆடியில் பம்பைக்காரரைத் திண்ணையில் அமரச் செய்து, இலை போட்டு, பேசிய கூலியைத் தாம்பூலத்தோடு கொடுங்கள். கலை தானே பிழைத்துக்கொள்ளும்.