கொல்லிமலை வீடியோவில் விடுபடுவது

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தை விட்டு வெளிநாட்டில் குடியேறிய நாங்கள், பல வருடம் கழித்து ஊருக்கு வந்தால் சாமான்களை இறக்கிய கையோடு மலையேறிவிடுகிறோம். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள், அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாயகங்கை, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. எல்லாவற்றையும் போனில் பிடித்து, மேலே ஒரு சினிமாப் பாட்டை ஏற்றி, அயல்நாட்டு நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிடுகிறோம். பார்க்கிறவர்களுக்கு அது ஏற்காடாகவும் தெரியலாம், ஊட்டியாகவும் தெரியலாம். சுற்றுலா வந்தவர் அப்படி எடுத்தால் குறை சொல்ல முடியாது. அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர் எடுக்கும் வீடியோவில் அந்த மலையின் பிழைப்பும் தெரிய வேண்டும் என்பதே என் கட்சி.

ஏனென்றால் கொல்லிமலையின் அண்மைக்கால வரலாறு அருவியில் இல்லை, கொல்லையில் இருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் பெரும்பகுதியைச் சில பத்தாண்டுகளில் குச்சிக்கிழங்கு பிடித்துக்கொண்டது. நாமக்கல், சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்கின்றன, கையில் காசு புரள்கிறது. சாமையோ பெண்களின் முதுகை ஒடித்த தானியம். கடுகைவிடச் சற்றே பெரிய மணி, அதில் இறுக ஒட்டிய உமி. உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி குத்த வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானிய விதைகளைக் காப்பதோடு, உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்ததற்கு இந்தப் பாடுதான் காரணம். நாம் ரசித்துப் படமெடுக்கும் அதே வளைவுகளில்தான் கிழங்கு லாரிகளும் இறங்குகின்றன. அவற்றை மட்டும் வெட்டிவிடுகிறோம். புறநானூற்றில் வன்பரணர் இந்த மலைநாட்டை ஆண்ட ஓரியைப் பாடியபோது, அவன் எய்த அம்பையும் அதில் விழுந்த விலங்குகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெறும் மலையழகோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

விடுமுறை வீடியோவில் பாடம் நடத்த வேண்டுமா என்று கேட்கலாம். பாடம் வேண்டாம், கொல்லையருகே சற்று நின்று, இது சாமை, அது மிளகுக்கொடி என்று சொன்னால் போதும். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் உழைப்பைப் படமெடுப்பது அவர்களைக் காட்சிப்பொருளாக்குவது ஆகாதா? கேட்காமல் எடுத்தால் ஆகும், சந்தேகமே இல்லை. வெளிநாட்டிலிருந்து நல்ல கேமராவோடு வந்து நிற்பவரிடம் மறுக்கத் தயங்குவார்கள் என்பதையும் நாம் உணர வேண்டும். ஆகவே முகங்களை விட்டுவிடுங்கள். வயலும், காயும் தானியமும், பலாவும் அன்னாசியும் வந்து குவியும் சந்தையும் போதுமானவை. இப்படிப் பரப்பினால் கூட்டம் பெருகி மலை கெடும் என்போருக்கும் ஒரு பதில்: அருவியை மட்டும் காட்டும் வீடியோதான் அருவிக்கு மட்டும் ஆளனுப்புகிறது. சாமையைப் பார்த்தவர் ஒரு படி சாமையாவது வாங்கக்கூடும்.

அடுத்த முறை மலையேறும் சேந்தமங்கலத்துக்காரர்களே, அந்தச் சினிமாப் பாட்டை எடுத்துவிடுங்கள். காரவள்ளி, சோளக்காடு, செம்மேடு என்று உங்கள் குரலிலேயே ஊர்ப்பெயர் சொல்லி, கொல்லையில் என்ன விளைகிறது என்றும் சொல்லி நண்பர்களுக்கு அனுப்புங்கள்.